ஊட்டி மாதிரி மலை ஊரில் கேளிக்கை வட்டாரம் அமைப்பது என்றால் என்ன?

சினிமா, சாப்பாட்டுக் கடை, விளையாட்டு, கச்சேரி மேடை எல்லாம் நடந்தே சுற்றிவரும் தூரத்தில் இருக்கும்படி ஒதுக்கும் பகுதிதான் கேளிக்கை வட்டாரம். கோயில் திருவிழாவில் ராட்டினத்தையும் கடைகளையும் ஒரே மைதானத்தில் போடுவது போல. சத்தம், குப்பை, வண்டி மூன்றையும் ஓரிடத்தில் சமாளிக்கலாம், குடியிருப்புகள் தப்பிக்கும்.

ஊட்டியில் முதல் கவலை வண்டிதான். மே மாதம் ஊர் நடுவே சேரிங் கிராஸ் சந்திப்பில் நெரிசலில் மாட்டிக்கொண்டவர்களுக்குத் தெரியும். நெரிசலைக் கட்டுப்படுத்தத்தான் 2024 மே முதல் இ-பாஸ் வந்தது. எனவே பார்க்கிங்கை ஊருக்கு வெளியே வைத்து மினி பஸ் விடுவதிலிருந்துதான் திட்டமே தொடங்க வேண்டும். அப்புறம் சரிவு. மழைநீர் ஓடும் பள்ளத்தை மூடிக் கட்டினால் தண்ணீர் கீழ்வீடுகளுக்குள் புகும்.

சொந்த நிலம் இருந்தால் கட்டிவிடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் மலைப்பகுதிக்குத் தனி அனுமதி விதிகள் உண்டு, கட்டட உயரத்துக்கும் கட்டுப்பாடு உண்டு.