சட்ட மாணவர் மன்றம்: சேரலாமா, வேண்டாமா?

கல்வியாண்டு தொடங்கினால் எனக்கு வரும் கடிதங்களின் முகமே மாறிவிடும். விவாகரத்தும் பாகப்பிரிவினையும் கொஞ்சம் ஒதுங்கிக்கொள்ள, சட்டப் படிப்பில் புதிதாகச் சேர்ந்தவர்களும் அவர்களைப் பெற்றவர்களும் முன்வரிசைக்கு வந்துவிடுவார்கள். இந்த முறை பாதிக்கு மேல் பல்கலைக்கழகச் சட்ட மாணவர் மன்றத்தைப் பற்றிய கேள்விகள்தான். வக்கீல் தொழிலுக்கு நடுவே அப்படி ஒரு மன்றத்துக்குப் பல வருடம் ஆலோசகராக இருந்தவள் நான். அதனால் இந்த இதழ் முழுக்க அதற்கே.

கேள்வி: முதலாண்டு மாணவி நான். பாடமே மலைபோல் கிடக்கிறது. மன்றத்தில் சேராவிட்டால் பிற்பாடு நல்ல வேலை கிடைக்காது என்று சீனியர்கள் சொல்கிறார்கள். உண்மையா மேடம்?

பதில்: சேராமலே நன்றாக வந்தவர்கள் ஏராளம். அந்தப் பயத்துக்காகச் சேராதீர்கள்.

வேறு காரணம் ஒன்று இருக்கிறது. வகுப்பில் சட்டம் காது வழியாக உள்ளே போகிறது; தேர்வில் கை வழியாக வெளியே வருகிறது. இதில் வாய்க்கு வேலையே இல்லை. ஆனால் இந்தத் தொழிலில் பாதி வாயால் நடப்பது. அதிலும் நமக்குப் பிடிக்காத பக்கத்துக்காகப் பேசுவது. அதை எந்தப் பாடத்திட்டமும் போதிய அளவு பழக்குவதில்லை. மன்றம் பழக்கும். மூட் கோர்ட் என்றால் மாணவர்கள் வக்கீல்களாக நின்று வாதாடும் பாவனை நீதிமன்றம். 1960-ல் தொடங்கிய ஜெஸ்ஸப் சர்வதேச மூட் கோர்ட் போட்டியைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். சர்வதேச நீதிமன்றத்தின் முன் இரண்டு கற்பனை நாடுகள் வழக்காடுவதாகப் பாவனை. அதில் ஒவ்வொரு அணியும் வாதியின் மனுவையும் எழுதவேண்டும், பிரதிவாதியின் மனுவையும் எழுதவேண்டும். நேற்று நீங்களே பிரமாதம் என்று நினைத்த வாதத்தை இன்று நீங்களே உடைக்கவேண்டும். இரண்டு மாதம் இதைச் செய்தவர் ஒரு தீர்ப்பைப் படிக்கும் விதமே வேறாகிவிடும்.

வேலை விஷயத்துக்கு வருகிறேன். ‘மூன்று மன்றங்களில் உறுப்பினர்’ என்று எழுதிய விண்ணப்பங்கள் என் மேசைக்கும் வந்ததுண்டு. “அங்கே என்ன செய்தீர்கள்?” என்று கேட்டால் பலருக்குப் பதில் இருக்காது. மன்றங்கள் மேசை போட்டு ஆள் சேர்க்கும் வரவேற்பு நாளில் எல்லா மேசையிலும் பெயர் எழுதிவிட்டு வராதீர்கள். ஒரே ஒரு வேலையைப் பிடித்துக்கொள்ளுங்கள்: மூட் கோர்ட்டோ, மன்ற இதழோ, சட்ட உதவி முகாமோ. பாடம் மலைபோல் இருக்கிறது என்கிறீர்கள் அல்லவா? அந்த மலையில் ஒரு பக்கத்தையாவது மன்றத்தில் இருக்கும் சீனியர் ஏற்கெனவே ஏறியிருப்பார்.

கேள்வி: பள்ளிப் படிப்பு முழுக்கத் தமிழ் வழி. நாலு பேர் முன்னால் எழுந்து நின்றாலே நாக்கு ஒட்டிக்கொள்கிறது. எனக்கெல்லாம் மூட் கோர்ட் சரிப்படுமா?

பதில்: லண்டனில் சட்டம் படித்த ஒரு மாணவர் அங்கே ஒரு சைவ உணவுச் சங்கத்தின் செயற்குழுவில் இருந்தார். கூட்டம் தவறாமல் வருவார், வாய் மட்டும் திறக்க மாட்டார். ஒருநாள், கொள்கை வேறுபாட்டுக்காக ஓர் உறுப்பினரை நீக்குவதா என்ற விவாதம் வந்தது. நீக்கக் கூடாது என்பது இவர் கட்சி. சொல்லத் துணிச்சல் இல்லை, எழுதிக்கொண்டு போனார். எழுதியதைப் படிக்கவும் துணிச்சல் இல்லை, வேறொருவர் படித்தார். அந்த உறுப்பினர் நீக்கப்பட்டார், அதாவது இவர் கட்சி தோற்றது. 1891-ல் பாரிஸ்டராகி ஊர் திரும்பி, பம்பாயில் முதல் வழக்கில் குறுக்கு விசாரணைக்கு எழுந்தவருக்குத் தலை சுற்றியது. வாங்கிய கட்டணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வெளியே வந்துவிட்டார். காந்தி என்று சொன்னால் இந்தக் காட்சி யாருக்கும் நினைவுக்கு வருவதில்லை.

சரி, அவரை விடுங்கள், உங்கள் கதைக்கு வருவோம். மூட் கோர்ட்டில் மேடைப் பேச்சுக்கு மதிப்பெண் கிடையாது. இது பலருக்குத் தெரியாது. பள்ளியில் பேச்சுப் போட்டிகளில் கோப்பை வாங்கியவர்கள்தான் முதலில் தடுக்கி விழுவார்கள். நீதிபதி இடத்தில் இருப்பவர் இரண்டாவது நிமிடத்திலேயே குறுக்கிட்டு ஒரு கேள்வி கேட்பார். மனப்பாடம் செய்துவந்த ஆறு அங்கே வற்றிவிடும். கேட்ட கேள்விக்கு ‘ஆம்’ அல்லது ‘இல்லை’ என்று முதலில் சொல்லி, பிறகு காரணம், பிறகு அதற்கான தீர்ப்பு என்று மெதுவாக எடுத்து வைப்பவருக்கே நல்ல மதிப்பெண். ஆங்கிலம் சின்னச் சின்ன வாக்கியமாக இருந்தால் போதும். சொல்லப்போனால் நீளமான வாக்கியத்தை எந்த நீதிபதியும் ரசிப்பதில்லை.

முதல் பருவத்தில் பேசவே வேண்டாம். ஓர் அணியில் ஆராய்ச்சி உதவிக்குப் போய் உட்காருங்கள். தீர்ப்புகளைத் தேடி, எந்தப் பத்தி நமக்கு உதவும், எது எதிராளிக்கு உதவும் என்று குறித்துக் கொடுங்கள். என் மன்றத்தில் ஒரு மாணவர் முதல் வருடம் முழுக்க நாற்காலி அடுக்குவதும் நகல் எடுப்பதுமாகவே இருந்தார். நகல் எடுக்கும்போதே எல்லாவற்றையும் படித்துவிடுவார் போலிருக்கிறது. அடுத்த வருடம் எங்கள் அணிக்கு மனு எழுத அவரைத் தவிர வேறு ஆளில்லை.

கேள்வி: மூட் கோர்ட், மாக் ட்ரையல் இரண்டும் ஒன்றுதானே?

பதில்: இல்லை. மூட் கோர்ட் என்பது மேல்முறையீடு மாதிரி. என்ன நடந்தது என்பதில் இரு தரப்புக்கும் சண்டை இல்லை. அது தாளில் அச்சடித்தே வந்துவிடும். சண்டை சட்டத்தைப் பற்றி மட்டும். மாக் ட்ரையலில் சாட்சி உண்டு, குறுக்கு விசாரணை உண்டு, நடிக்கவும் ஆள் வேண்டும். தர்க்கம் பிடித்தவர் முன்னதற்கும், மனிதர்களைக் கவனிக்கப் பிடித்தவர் பின்னதற்கும் போகலாம். கட்சிக்காரரை நேர்காணல் செய்வது, பேச்சுவார்த்தை நடத்துவது என்று வேறு போட்டிகளும் சில மன்றங்களில் இருக்கின்றன. அவற்றுக்குக் கூட்டம் குறைவு. அதனாலேயே நான் அவற்றைச் சிபாரிசு செய்வேன்.

கேள்வி: இந்த வருடம் நான்தான் மன்றச் செயலாளர். சென்ற வருட வரவேற்பு விழாவுக்கு அரங்கமே நிரம்பியது. அடுத்த கூட்டத்துக்கு நிர்வாகிகளைத் தவிர ஈ காக்கை இல்லை. எங்கே தவறு?

பதில்: விழாவிலே. நிகழ்ச்சி நிரலைப் பார்க்காமலே சொல்கிறேன்: வரவேற்புரை, தலைமையுரை, சிறப்புரை, சாதனைப் பட்டியல், நன்றியுரை. புதுசாக வந்த பிள்ளை இரண்டு மணி நேரம் உட்கார்ந்து கை தட்டிவிட்டுப் போயிருக்கும். தான் ஒரு வார்த்தை பேசாத இடத்துக்கு அது ஏன் திரும்பி வரவேண்டும்?

இந்த முறை உரைகளை எல்லாம் சேர்த்துப் பத்து நிமிடத்தில் முடியுங்கள். பிறகு எல்லோரையும் ஏழெட்டுப் பேர் கொண்ட வட்டங்களாக உட்கார வையுங்கள். வட்டத்துக்கு ஒரு சீனியர். கையில் ஒரு தாள், அதில் கீழ்க்கண்ட கதை மட்டும்.

1928 ஆகஸ்ட் 26. ஸ்காட்லாந்தின் பெய்ஸ்லி நகரில் ஒரு சிற்றுண்டிச் சாலை. மே டோனஹூ என்ற பெண்ணுக்கு உடன் வந்தவர் ஜிஞ்சர் பீர் வாங்கிக் கொடுக்கிறார். பாட்டில் ஒளிபுகாத கண்ணாடி. கொஞ்சம் குடித்த பிறகு மிச்சத்தை ஊற்றும்போது அழுகிய நத்தை ஒன்று வந்து விழுகிறது. அவருக்கு உடம்புக்கு முடியாமல் போகிறது. பணம் கொடுத்தவர் அவர் இல்லை, ஆகவே கடைக்காரரோடு அவருக்கு ஒப்பந்தம் இல்லை. பானம் தயாரித்த ஸ்டீவன்சனோடும் இல்லை. ஸ்டீவன்சன் மீது வழக்குப் போட முடியுமா?

முடிவைச் சொல்லாதீர்கள். பாதிப் பேர் அந்தப் பெண்ணுக்காக, பாதிப் பேர் ஸ்டீவன்சனுக்காகப் பேசட்டும். முதலில் தயக்கம் இருக்கும். யாராவது ஒருவர் “பாவம் அந்தம்மா” என்று ஆரம்பித்தால் போதும், அடுத்தவர் “அப்படிப் பார்த்தால் எந்தக் கம்பெனியும் நடக்காது” என்று பிடித்துக்கொள்வார். சூடு ஏறும்போது மணி அடித்துப் பக்கத்தை மாற்றச் சொல்லுங்கள். முனகுவார்கள். முனகட்டும்.

கடைசியில் சொல்லுங்கள்: 1932 மே 26 அன்று, அப்போது பிரிட்டனின் உச்ச மேல்முறையீட்டு மன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை தீர்ப்புச் சொன்னது. மூன்று பேர் அந்தப் பெண்ணின் பக்கம், இரண்டு பேர் எதிர்ப்பக்கம். ஒரே ஒரு வாக்கு மாறியிருந்தால், கவனக்குறைவு பற்றி நீங்கள் இந்த வருடம் படிக்கப்போகும் பாடம் வேறு மாதிரி இருந்திருக்கும். தன் சொத்து ஐந்து பவுண்டுகூடத் தேறாது என்று உறுதிமொழி கொடுத்து ஏழை வழக்காடியாகத்தான் அந்தப் பெண் அந்தச் சபையின் படி ஏறினார். அப்புறம் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. பாட்டிலில் உண்மையிலேயே நத்தை இருந்ததா என்று எந்த நீதிமன்றமும் விசாரிக்கவில்லை. ‘அவர் சொல்வது உண்மை என்றே வைத்துக்கொண்டால், வழக்கு நிற்குமா?’ என்பது மட்டுமே அங்கே கேள்வி. விசாரணை வருவதற்குள் ஸ்டீவன்சன் இறந்துபோனார், வழக்கு சமரசத்தில் முடிந்தது. இதைக் கேட்டதும் அரங்கத்தில் ஒரு “ஆ!” எழும் பாருங்கள், அந்த நிமிடத்தில் அடுத்த கூட்டத்தின் தேதியைச் சொல்லுங்கள்.

இன்னும் சில சில்லறை விஷயங்கள். சந்தாவை அன்றே வசூலிக்காதீர்கள். கூட்டங்களை எப்போதும் இரவிலேயே வைத்தால் வேலைக்குப் போய்க்கொண்டு படிப்பவர்களும் குழந்தை உள்ளவர்களும் உங்கள் மன்றத்தைப் பார்க்கவே முடியாது. ஒன்றுவிட்டு ஒன்று பகலில் வையுங்கள். படிக்கட்டு ஏற முடியாதவர் வரக்கூடிய அறையா என்று முன்கூட்டியே பாருங்கள். சட்ட நிறுவனங்கள் பணம் கொடுத்தால் வாங்கிக்கொள்ளலாம், ஆள் எடுக்கத்தான் அவர்கள் வருகிறார்கள் என்பதில் ரகசியம் ஒன்றுமில்லை. ஆனால் வரவேற்பு நாளில் அவர்கள் பதாகை மட்டுமே கண்ணில் பட்டால், கம்பெனிச் சட்டம் செய்பவன்தான் வக்கீல் என்று ஒரு தலைமுறை நினைத்துக்கொள்ளும். கிரிமினல் வக்கீல் ஒருவரையும் தொழிலாளர் வழக்கு நடத்துபவர் ஒருவரையும் கூப்பிடுங்கள்; அவர்களுக்குப் பதாகை இருக்காது, கதை இருக்கும்.

கேள்வி: வரவேற்பு விருந்தில் மது இருக்குமாம். நான் குடிப்பதில்லை. போகாமல் இருந்தால் ஒதுக்கிவிடுவார்களோ?

பதில்: மறுபடியும் காந்தியையே கூப்பிடவேண்டியிருக்கிறது. அந்தக் காலத்தில் லண்டனில் பாரிஸ்டராக வேண்டுமானால் குறிப்பிட்ட எண்ணிக்கையில் விருந்துகளில் கலந்துகொள்வது கட்டாயம். நாலு பேர் சேர்ந்த மேசைக்கு இரண்டு பாட்டில் ஒயின். இவர் தொடமாட்டார் என்பதால், இவரைத் தங்கள் மேசையில் சேர்த்துக்கொள்ள எப்போதும் போட்டி இருந்தது என்று அவரே எழுதியிருக்கிறார். தைரியமாகப் போங்கள். வற்புறுத்தினால் எழுந்து வந்துவிடுங்கள், மறுநாள் செயலாளரிடம் சொல்லுங்கள். செயலாளர் சிரித்தால் ஆலோசகரிடம் போங்கள்.

கேள்வி: மகன் மன்றத்தில் சேர்ந்ததிலிருந்து வீட்டில் எதைச் சொன்னாலும் “ஆதாரம் என்ன?” என்கிறான். என்ன செய்ய?

பதில்: அடுத்த முறை, “சரி, இப்போது அப்பா பக்கம் நின்று வாதாடு” என்று சொல்லிப் பாருங்கள். மன்றம் ஒழுங்கான மன்றமாக இருந்தால் அவனால் முடியவேண்டும்.

கேள்வி: சட்டக் கல்லூரியில் சேர்ந்து மூன்று வாரம்தான் ஆகிறது. சித்தப்பா இடத் தகராறுக்கு நோட்டீஸ் எழுதித் தரச் சொல்கிறார். மன்றத்தின் சட்ட உதவி முகாமில் கேட்டால் “தொடாதே” என்கிறார்கள். உதவுவது தவறா மேடம்?

பதில்: அவர்கள் சொல்வதுதான் சரி. பதிவு பெறாத ஒருவர் வக்கீல் வேலை பார்ப்பது பல நாடுகளில் குற்றம். அதைவிட, காலக்கெடு ஒன்று நீங்கள் அறியாமல் கடந்துபோனால் சித்தப்பாவின் இடமும் போகும், சித்தப்பாவும் போவார். முகாமில் பதிவு பெற்ற வழக்கறிஞர் ஒருவரின் மேற்பார்வையில்தான் மாணவர்கள் வேலை செய்யவேண்டும்; குறிப்பு எடுக்கலாம், ஆவணங்களைத் தேதி வாரியாக அடுக்கலாம், ஆலோசனை அவர் வாயிலிருந்து வரும். சித்தப்பாவிடம் பத்திரங்களின் நகலையெல்லாம் தேதி வரிசையில் அடுக்கிக் கொடுத்து, ஒரு நல்ல வக்கீலிடம் அழைத்துப் போங்கள். அந்த வக்கீல் உங்களுக்கு நன்றி சொல்வார். தேதி வரிசையில் அடுக்கிய கட்டு எங்களுக்கு அபூர்வம்.

கேள்வி: எங்கள் பல்கலைக்கழகத்தில் மன்றமே இல்லை. நாங்கள் ஐந்து பேர்தான் ஆர்வமாக இருக்கிறோம்.

பதில்: ஐந்து பேர் போதும். ஐரோப்பிய சட்ட மாணவர் சங்கத்தை 1981-ல் தொடங்கியவர்கள் ஆஸ்திரியா, மேற்கு ஜெர்மனி, போலந்து, ஹங்கேரி மாணவர்கள். ஐரோப்பா இரண்டு முகாமாகப் பிரிந்து கிடந்த நேரத்தில், எல்லையின் இரு பக்கத்து மாணவர்களும் சேர்ந்து செய்தது அது. உங்களுக்கு நடுவே அப்படி ஒன்றும் முள்வேலி இல்லையே. வாரம் ஒரு தீர்ப்பு. ஒருவர் கதை சொல்ல, ஒருவர் தீர்ப்பை ஆதரிக்க, ஒருவர் எதிர்க்க, மற்ற இருவர் குறுக்குக் கேள்வி கேட்க. விதிமுறை, முத்திரை, பதவிப் பெயர்களை ஒரு பருவம் கழித்து வைத்துக்கொள்ளுங்கள். முதலிலேயே வைத்தால் அவற்றுக்காகவே சண்டை வரும்.

கேள்வி: முதலாண்டிலேயே தலைவர் பதவிக்குப் போட்டியிடலாமா?

பதில்: விதி இடம் கொடுத்தால் போட்டியிடலாம். நான் ஓட்டுப் போட மாட்டேன். பொருளாளருக்கு நில்லுங்கள். அதற்கு யாரும் நிற்க மாட்டார்கள், எதிர்ப்பின்றி வந்துவிடலாம். ஒவ்வொரு ரசீதையும் வாங்கி வையுங்கள், பணம் எடுக்க இரண்டு பேர் கையெழுத்து வேண்டும் என்று முதல் கூட்டத்திலேயே தீர்மானம் போட்டுவிடுங்கள். தலைவர் கோபித்துக்கொண்டால் கோபிக்கட்டும்.