தலையில் மட்டை, நெற்றியில் கை: யூஸ்னி பற்றி வாசகர் கேள்விகள்

சென்ற இதழில் ஒற்றைக் கை பேக்ஹேண்ட் (மட்டை பிடித்த கையின் எதிர்ப்பக்கம் வரும் பந்தை அடிக்கும் அடி) பற்றிய ஒரு கேள்விக்குப் பதில் எழுதியபோது, 2008 சென்னை ஓபன் பட்டத்தை வென்ற ரஷ்ய டென்னிஸ் வீரர் மிகயில் யூஸ்னியை ஒரு வரியில் புகழ்ந்திருந்தேன். அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்கள் என் மேசையில் குவிந்து கிடக்கின்றன. இந்த முறை வேறு கேள்விகளை எடுக்கவில்லை.

அந்தச் சென்னை இறுதி ஆட்டத்தில் ஸ்பெயினின் நடாலை 6-0, 6-1 என்று யூஸ்னி வென்றதைப் பெரிதாகச் சொல்கிறீர்கள். நடால் முந்தைய நாள் ஆட்டத்திலேயே களைத்துவிட்டார். அது வெறும் அதிர்ஷ்டம்தானே? (தாம்பரத்திலிருந்து ஒரு வாசகர்)

இந்தக் கேள்வியைப் பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலாகக் கேட்டுவருகிறேன். ஒவ்வொரு முறையும் மனம் பொறுக்காமல்தான் பதில் சொல்கிறேன்.

அன்று நான் நுங்கம்பாக்கம் அரங்கில் இருந்தேன். மதுரையில் என்னிடம் பயிற்சி பெற்ற மூன்று பிள்ளைகளை இரவு பஸ்ஸில் அழைத்து வந்திருந்தேன். முந்தைய நாள் அரையிறுதியில் நடாலும் கார்லோஸ் மோயாவும் 3 மணி 54 நிமிடம் ஆடியிருந்தார்கள். மூன்று செட்டும் 6-6 என்று சமமாகி, முடிவுக்காக ஆடும் டைபிரேக் வரை போனது. மறுநாள் நடாலின் கால்கள் அவர் பேச்சைக் கேட்கவில்லை என்பது மேல் வரிசையில் இருந்த எங்களுக்கே தெரிந்தது. யூஸ்னியும் அதை மறைக்கவில்லை. தான் பிரமாதமாக ஆடியதால் வந்த வெற்றி என்று அவர் மார்தட்டிக்கொள்ளவே இல்லை.

ஆனால் களைத்த எதிராளியோடு ஆடிப் பார்த்தவர்களுக்குத்தான் அதன் ஆபத்து தெரியும். அவர் தானாகத் தவறு செய்வார் என்று காத்திருக்கத் தோன்றும். கை தளரும், பந்து நடுவில் விழும், ஒரு கேம் போகும், பிறகு இன்னொன்று போகும். அரங்கமே நடாலுக்காகக் குரல் கொடுத்துக்கொண்டிருந்தபோது யூஸ்னி ஒரே ஒரு கேமை மட்டும் விட்டுக்கொடுத்தார். ஒவ்வொரு பந்தையும், 5-5 என்று இருந்தால் எப்படி அடிப்பாரோ அப்படி அடித்தார். என் மாணவன் ஒருவன் நடாலுக்காகக் கண்ணீர் விட்டான். அவனிடம் நான் சொன்னதைத்தான் உங்களுக்கும் சொல்கிறேன்: 2006 அமெரிக்க ஓபன் காலிறுதியில் நடாலுக்கு எந்தக் களைப்பும் இல்லை, அங்கும் யூஸ்னி 6-3, 5-7, 7-6, 6-1 என்று வென்றார். 2007இல் துபாயிலும் நடாலை வென்றார். அதிர்ஷ்டம் ஒருவரை இத்தனை ஊர்களுக்குத் தேடிப் போவதில்லை.

சென்னையிலிருந்து நேராக ஆஸ்திரேலிய ஓபனுக்குப் போய்க் காலிறுதி வரை முன்னேறினார். அந்த மாதமே தரவரிசையில் 8ஆம் இடம். அவருடைய வாழ்நாளில் அதுதான் உச்சம்.

நான் காவல்துறையில் இருக்கிறேன். தலையில் தொப்பி இல்லாதபோது நாங்கள் கையுயர்த்தி சல்யூட் அடிப்பதில்லை. யூஸ்னி வென்றதும் தலையில் மட்டையை வைத்துக்கொண்டு சல்யூட் அடிப்பாரே, அது ஏன்? (வேலூரிலிருந்து ஒரு வாசகர்)

பதிலை நீங்களே சொல்லிவிட்டீர்கள். ரஷ்ய ராணுவத்திலும் வெறுந்தலையோடு சல்யூட் அடிக்கும் வழக்கம் இல்லை. அதனால் ஒரு கையால் மட்டையின் வலைப்பகுதியைத் தொப்பிபோலத் தலையில் கவிழ்த்துப் பிடித்துக்கொள்வார். மறு கையை நெற்றிக்குக் கொண்டுபோய், அரங்கின் ஒவ்வொரு பக்கமாகத் திரும்பி வணக்கம் வைப்பார். அவருடைய தந்தை சோவியத் ராணுவத்தில் இருந்தவர். வேடிக்கைக்காகச் செய்கிறார் என்று எழுதுபவர்கள் உண்டு. அந்த முகத்தைப் பார்த்தவன் நான். அதில் வேடிக்கை இல்லை.

டேவிஸ் கோப்பையில் ரஷ்யா முதன்முதலாக வென்றதற்கு யூஸ்னிதான் காரணம் என்கிறார்களே, அந்தக் கதை என்ன? (கோவில்பட்டியிலிருந்து ஒரு கல்லூரி மாணவி)

இதைக் கேட்டதற்கு நன்றி, மகளே. இதைப் பற்றி எத்தனை முறை எழுதினாலும் எனக்கு அலுக்காது.

டேவிஸ் கோப்பை நாடுகளுக்கு இடையே நடக்கும் டென்னிஸ் போட்டி. ஐந்து ஆட்டங்களில் மூன்றை வெல்லும் அணிக்கே வெற்றி. 2002ஆம் ஆண்டு. இறுதிப் போட்டி பாரிஸின் பெர்சி அரங்கில், களிமண் தரையில் நடந்தது. ரஷ்யாவின் இரு பெரும் பெயர்கள் காஃபெல்னிகோவும் சாஃபினும். முதல் நாளில் சாஃபின் வென்றார், காஃபெல்னிகோவ் தோற்றார். இரண்டாம் நாள் இருவரும் சேர்ந்து ஆடிய இரட்டையர் ஆட்டத்தைப் பிரான்ஸ் ஐந்து செட்டில் பறித்துக்கொண்டது. மூன்றாம் நாள் சாஃபின் மீண்டும் வென்று கணக்கை 2-2 ஆக்கினார். மிச்சம் ஒரே ஆட்டம். அதில் இறங்க வேண்டியவர் காஃபெல்னிகோவ். பிரெஞ்சு ஓபனையும் ஆஸ்திரேலிய ஓபனையும் வென்றவர். அணித்தலைவர் ஷமில் தர்பிஷெவ் அவரை உட்கார வைத்துவிட்டு, இருபது வயது யூஸ்னியை அனுப்பினார். எதிரே பிரான்ஸின் பால்-ஹென்றி மத்யூ. அவருக்கும் இருபதுதான்.

முதல் செட் 3-6, இரண்டாவது 2-6. சொந்த மண்ணில் மத்யூ, சுற்றிலும் ஆயிரக்கணக்கான பிரெஞ்சுக் குரல்கள். அதே ஆண்டில்தான் யூஸ்னி தன் தந்தையை மாரடைப்பில் இழந்திருந்தார். இந்த நிலையில் ஒரு பையன் கைவிட்டிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் கைவிடவில்லை. 6-3, 7-5, 6-4 என்று அடுத்த மூன்று செட்டுகளையும் எடுத்தார். டேவிஸ் கோப்பை இறுதியின் முடிவைத் தீர்மானிக்கும் ஐந்தாவது ஆட்டத்தில், இரண்டு செட் பின்தங்கிய பிறகு அதுவரை யாரும் வென்றதில்லை. பார்வையாளர் வரிசையில் இருந்த முன்னாள் அதிபர் போரிஸ் யெல்ட்சின் சிறுபிள்ளைபோலக் குதூகலித்தார்.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் மத்யூவை அந்தக் களிமண்ணிலேயே விட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். எனக்கு அது வருத்தம். அந்தப் பையன் உடைந்து போய்விடவில்லை. 2008இல் தரவரிசையில் 12ஆம் இடம் வரை வந்தார். 2012 பிரெஞ்சு ஓபனில் ஜான் இஸ்னரை ஐந்தாவது செட்டில் 18-16 என்று வீழ்த்தினார். என் மாணவர்களுக்கு யூஸ்னியின் 2002ஐச் சொல்லும் நாளிலேயே மத்யூவின் 2012ஐயும் சொல்லிவிடுவேன்.

மட்டையால் தன் தலையிலேயே அடித்து ரத்தம் வரவழைத்துக்கொண்டவர்தானே இவர்? இவரையா பிள்ளைகளுக்கு உதாரணமாகக் காட்டுகிறீர்கள்? (திருச்சியிலிருந்து ஒரு பெற்றோர்)

அவர்தான். 2008, மயாமி, நிக்கோலஸ் அல்மக்ரோவுக்கு எதிரான ஆட்டம். ஒரு பேக்ஹேண்ட் வலையில் விழுந்ததும் மட்டையால் மூன்று முறை தலையில் அடித்துக்கொண்டார். ரத்தம் முகத்தில் வழிந்தது. சிகிச்சை எடுத்துக்கொண்டு திரும்பி வந்து, மூன்றாவது செட்டை டைபிரேக்கில் வென்றார்.

அந்தச் செயலை நான் ஆதரிக்கவில்லை. என் களத்தில் மட்டையைத் தரையில் வீசும் பிள்ளைக்கு அன்று ஆட்டம் கிடையாது. ஆனால் அவருடைய கோபம் கோடு பார்ப்பவர் மீதோ, பந்து பொறுக்கும் சிறுவன் மீதோ பாயவில்லை. தன் மீதுதான் பாய்ந்தது. அப்படிப்பட்ட பிள்ளைகள் என்னிடமும் வருகிறார்கள். தோற்ற நாளில் சாப்பிட மறுப்பார்கள், சுவரில் முட்டிக்கொள்வார்கள். அவர்களைத் திட்டுவதால் பயனில்லை. பக்கத்தில் உட்கார வேண்டும். யூஸ்னிக்கு அப்படிப் பக்கத்தில் உட்கார ஒருவர் இருந்தார். போரிஸ் சோப்கின் என்ற ஒரே பயிற்சியாளர், சிறுவயது முதல் ஓய்வு பெறும் வரை. தொழில்முறை டென்னிஸில் தோல்விகள் நான்கு சேர்ந்தால் பயிற்சியாளரை மாற்றிவிடுகிறார்கள். இவ்வளவு நீண்ட உறவை நான் அங்கே அதிகம் பார்த்ததில்லை.

என் மகளுக்குப் பத்து வயது. யூஸ்னிபோல ஒற்றைக் கையால் பேக்ஹேண்ட் அடிக்க ஆசைப்படுகிறாள். விடலாமா? (ஈரோட்டிலிருந்து ஒரு தந்தை)

ஆசையைக் கெடுக்காதீர்கள், அவசரமும் படாதீர்கள். யூஸ்னியின் அடியை மெதுவாக ஓட்டிப் பாருங்கள். மட்டையைப் பின்னால் கொண்டுபோகும்போது இரண்டு கைகளும் அதைப் பிடித்திருக்கும். இரு கை ஆட்டக்காரர் என்றே நினைப்பீர்கள். பந்தைத் தொடுவதற்குச் சற்று முன்னால்தான் இடது கை விடும். தோள் முழுதாகத் திரும்புவதற்கு அந்த இடது கைதான் காவல். உங்கள் மகள் முதலில் கற்க வேண்டியது அந்தத் திருப்பத்தை.

சிறுமிகளுக்குப் பெரிய எதிரி தோளுக்கு மேல் எழும்பும் பந்து. அதை ஒற்றைக் கையால் அடக்கும் வலு பத்து வயதில் வராது. முயன்றால் மணிக்கட்டு வலிக்கும். அழுத்தம் குறைந்த, பச்சைப் புள்ளி போட்ட பந்துகளில் ஆடவிடுங்கள். இரு கையால் ஆடட்டும், நாளுக்கு இருபது பந்து மட்டும் ஒற்றைக் கையால் அடிக்கட்டும். பதின்மூன்று வயதில் அவளே முடிவெடுப்பாள்.

ஒரு கிராண்ட்ஸ்லாம் (டென்னிஸின் நான்கு பெரிய போட்டிகளில் ஒன்று) பட்டம்கூட இல்லை, பெடரரோடு மோதிய 17 ஆட்டங்களிலும் தோல்வி. இவர் சராசரி வீரர்தானே? (சேலத்திலிருந்து ஒரு வாசகர்)

உங்கள் கணக்கு சரி, தீர்ப்பு தவறு. பத்துப் பட்டங்கள் வென்றார். முதல் பட்டம் 2002இல் ஸ்டுட்கார்ட்டில். கடைசிப் பட்டம் 2013இல் வலென்சியாவில், டேவிட் ஃபெரரை அவர் நாட்டிலேயே வீழ்த்தி. நடுவே மாஸ்கோ, செயின்ட் பீட்டர்ஸ்பர்க் என்று சொந்த நாட்டின் இரண்டு பெரிய போட்டிகளையும் எடுத்தார். நான்கு கிராண்ட்ஸ்லாம்களிலும் காலிறுதி ஆடியவர். அமெரிக்க ஓபனில் 2006, 2010 இரு முறை அரையிறுதி. டென்னிஸ் வரலாற்றின் மிகக் கடுமையான காலத்தில், பெடரர், நடால், ஜோகோவிச் மூவரும் ஆண்ட ஆண்டுகளில் இதைச் செய்தார். பெடரரிடம் 17 முறை தோற்க வேண்டுமானால் 17 முறை பெடரர் இருக்கும் இடம் வரை போக வேண்டும். ஒவ்வொரு முறையும் அவர் போனார்.

படித்தவர் என்று கேள்விப்பட்டேன். இப்போது என்ன செய்கிறார்? (புதுச்சேரியிலிருந்து ஒரு ஆசிரியை)

ஆடிக்கொண்டிருந்த காலத்திலேயே தத்துவத் துறையில் முனைவர் பட்டம் பெற்றார். ஆய்வுப் பொருள், தொழில்முறை டென்னிஸ் வீரர்கள். ஓய்வுக்குப் பிறகு 2019இல் கனடாவின் டெனிஸ் ஷபோவலோவுக்குப் பயிற்சியாளரானார். அவரும் ஒற்றைக் கை பேக்ஹேண்ட்காரர், ரஷ்ய மொழி பேசுபவர். அந்த ஆண்டே ஷபோவலோவ் ஸ்டாக்ஹோமில் தன் முதல் பட்டத்தை வென்றார்.

அவர் 499 வெற்றிகளோடு நின்றுவிட்டாராம். இன்னும் ஒன்று ஆடி 500 ஆக்கியிருக்கலாமே? (நாகர்கோவிலிலிருந்து ஒரு வாசகர்)

எனக்கும் அந்த ஆசை இருந்தது. 2018 செப்டம்பரில் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் போட்டியோடு விடைபெறுவதாக முன்கூட்டியே அறிவித்திருந்தார். அங்கே முதல் சுற்றை வென்றபோது 499. அடுத்தது ராபர்ட்டோ பாடிஸ்டா அகுட். அவரிடம் தோற்றார். மறு வாரம் இன்னொரு ஊரில் ஆடியிருந்தால் யாரும் தடுத்திருக்க மாட்டார்கள். அவர் ஆடவில்லை, சொன்ன இடத்தில், சொன்ன நாளில், தன் மக்கள் முன்னால் விளையாட்டை முடித்துக்கொண்டார். அன்றிரவு, நுங்கம்பாக்கத்தில் கண்ணீர் விட்ட அந்த மாணவன் தொலைபேசியில் கூப்பிட்டான். இப்போது அவனும் ஒரு பள்ளியில் டென்னிஸ் சொல்லிக்கொடுக்கிறான். "சார், 499" என்றான். இருவரும் கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை.