டெக்லாவில் சாய்ந்த ராஃப்டரின் மேல் பர்லின்களைச் சரியாகப் பொருத்துவது எப்படி?

1:10 சாய்வுள்ள ஒரு தொழிற்கூடக் கூரையை டெக்லா ஸ்ட்ரக்சர்ஸ் என்ற எஃகுக் கட்டமைப்பு மாதிரி மென்பொருளில் வரைவதாகவும், ராஃப்டரின் (கூரையைத் தாங்கும் சாய்ந்த உத்தரம்) மேல் வைக்கும் இசட் பர்லின்கள் (கூரை ஷீட்டைத் தாங்கும் Z வடிவக் குறுக்குச் சட்டங்கள்) சாய்வைப் பின்பற்றாமல் நேராக நிற்பதாகவும், ஒவ்வொன்றையும் கையால் சுழற்றி நகர்த்தியும் பொருந்தவில்லை என்றும் கேட்டிருக்கிறீர்கள். என் பதில், பர்லினைச் சுழற்றாதீர்கள், வொர்க் பிளேனை, அதாவது நீங்கள் வரையும் தளத்தை, சாய்த்துக்கொள்ளுங்கள் என்பதுதான்.

கையால் செய்யும்போது கோணத்தில் பிழை வருவதில்லை, 5.71 பாகை என்று எவரும் கணக்கிட்டுவிடலாம். பிழை, நகர்த்தும் திசையில் வருகிறது. 400 மி.மீ. ஆழமுள்ள ராஃப்டரின் மையக்கோட்டிலிருந்து 200 மி.மீ. பர்லினின் மையம் 300 மி.மீ. தள்ளி இருக்க வேண்டும். ஆனால் அந்த 300, சாய்வுக்குச் செங்குத்தாக அளக்க வேண்டிய தூரம். தரைக்குச் செங்குத்தாக மேலே தூக்கிவிட்டால், பர்லின் ராஃப்டருக்குள் 1.5 மி.மீ. புதைவதோடு, சுமார் 30 மி.மீ. முகட்டை நோக்கியும் நகர்ந்துவிடும். எல்லாப் பர்லின்களும் ஒரே அளவு நகர்வதால் அவற்றுக்கு இடையிலான தூரம் 1500 மி.மீ. என்றே காட்டும். முகட்டின் இருபுறமும் உள்ள இரண்டு பர்லின்களுக்கு நடுவே 60 மி.மீ. குறைந்திருப்பதை அங்கே அளந்து பார்த்தால்தான் காண முடியும்.

ஆகவே மூன்று புள்ளிகளால் வொர்க் பிளேன் அமைக்கும் கட்டளையை எடுத்து, ராஃப்டரின் மேல்முகத்தில் இறவாணப் பக்கம் தொடக்கப் புள்ளியையும், கட்டடத்தின் நீளவாக்கில் எக்ஸ் திசையையும், முகட்டை நோக்கி ஒய் திசையையும் கொடுங்கள். பிறகு பர்லினின் அமைப்புகளில் ரொட்டேஷனை டாப் என்றும், டெப்த்தை ஃப்ரண்ட் என்றும் வைத்து வரைந்தால், பர்லினின் அடி விளிம்பு ராஃப்டரின் மேல் படிந்து உட்காரும். கோணம் எதையும் தட்டச்சு செய்யவே வேண்டாம். மறுபக்கச் சாய்வில் எக்ஸ் திசையை எதிர்ப்புறமாகக் கொடுக்க வேண்டும் என்பதை மறந்துவிடாதீர்கள். இல்லையேல் இசட் அச்சு கீழ்நோக்கித் திரும்பி, பர்லின்கள் ராஃப்டருக்குள் இறங்கிவிடும். வேலை முடிந்ததும் வொர்க் பிளேனைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்துவிடுங்கள்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. என் தொடக்க காலத்தில் ஒரு கூரையின் ஒரு பகுதியில் பர்லின்கள் சாயாமலே வரைபடம் வெளியாகி, அவற்றின் கிளீட்டுகளும் (பர்லினை ராஃப்டரோடு இணைக்கும் சிறு தகடுகள்) அப்படியே பற்றவைக்கப்பட்டுத் தளத்துக்குப் போய்விட்டன. 60 மி.மீ. அகல மேல்விளிம்பில் ஷீட் கீழ்ப்பக்க ஓரத்தை மட்டும் தொட்டு, மேல்பக்க ஓரத்தில் 6 மி.மீ. இடைவெளியோடு நின்றது. ஸ்க்ரூவை முடுக்கியபோது ஷீட் குழிந்து, அந்தக் குழிவிலேயே மழைநீர் தங்கியது. அத்தனை கிளீட்டுகளையும் வெட்டியெடுத்து மறுபடி பற்றவைக்க வேண்டியிருந்தது.

இசட் பர்லினின் மேல்விளிம்பு முகட்டை நோக்கியே இருக்க வேண்டும். மிரர் செய்த பக்கத்தில் இது மாறிவிடாமல் கண்ணால் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். சுமைகளைக் கணக்கிடும் ஸ்டாட் மென்பொருளின் மாதிரியிலும் பர்லினுக்கு அதே சாய்வுக் கோணத்தை பீட்டா கோணமாக (உறுப்பை அதன் நீள அச்சைச் சுற்றித் திருப்பும் கோணம்) கொடுத்தால்தான், சுமையில் ஏறத்தாழ 10% சாய்வின் வழியே இறங்குவது கணக்கில் வரும்.

வரைபடத்தை அனுப்புமுன் முகட்டில் ஒரு குறுக்குவெட்டுத் தோற்றம் எடுத்து, ராஃப்டருக்குச் செங்குத்தாக ஒரு அளவும், இரண்டு முகட்டுப் பர்லின்களுக்கு நடுவே ஒரு அளவும் எடுத்துப் பாருங்கள்.