மருந்தும் காப்புரிமையும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: ஜெனரிக் மருந்து என்பது அடுத்தவர் காப்புரிமையை மீறிச் செய்யும் மருந்துதானே? (மருந்துக் கடை உரிமையாளர், கும்பகோணம்)

பதில்: இல்லை. மருந்துக் கடை நடத்துபவரே இப்படிக் கேட்பது வருத்தமளிக்கிறது. காப்புரிமை முடிந்துபோன, அல்லது நம் நாட்டில் வழங்கப்படாத, அல்லது முறையாக உரிமம் பெற்ற மருந்தைத்தான் ஜெனரிக் என்கிறோம். போலி மருந்து என்பது வேறு, அது குற்றம். காப்புரிமை நாட்டுக்கு நாடு தனி என்பதை முதலில் மனத்தில் பதிய வைத்துக்கொள்ளுங்கள். 2008 டிசம்பரில் இந்தியாவிலிருந்து பிரேசிலுக்குச் சென்றுகொண்டிருந்த லோசார்டான் என்னும் ரத்த அழுத்த மருந்துச் சரக்கை நெதர்லாந்து சுங்கத் துறை வழியில் தடுத்து நிறுத்தியது. அனுப்பிய நாட்டிலும் பெறும் நாட்டிலும் அதற்குக் காப்புரிமை இல்லை. இடையில் இறங்கிய நாட்டில் இருந்தது. 2010-இல் இந்தியாவும் பிரேசிலும் இதை உலக வர்த்தக அமைப்புக்குக் கொண்டுசென்றன.

கேள்வி: என் தந்தை சாப்பிடும் மாத்திரையின் காப்புரிமை எப்போது முடியும்? (திருப்பூர்)

பதில்: எந்த மாத்திரை? மருந்தின் வேதிப்பெயர், நாடு இரண்டையும் எழுதாத கடிதத்துக்குப் பதில் எழுத இயலாது.

கேள்வி: ரத்தப் புற்றுநோய்க்கான இமாடினிப் மாத்திரை இங்கே மலிவாகக் கிடைப்பதற்குச் சென்னை காரணம் என்கிறார்களே, உண்மையா? (கல்லூரி மாணவி, மதுரை)

பதில்: பெருமளவு உண்மை. நீதியரசர் ராஜகோபால ஐயங்காரின் 1959 அறிக்கையை ஒட்டி வந்த 1970-ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டம், மருந்துக்குத் தயாரிப்பு முறைக் காப்புரிமையை மட்டுமே அனுமதித்தது; அதாவது, அதே மருந்தை வேறு முறையில் மற்றவர் தயாரிக்கலாம். அறிவுசார் சொத்து பற்றிய உலக வர்த்தக அமைப்பின் டிரிப்ஸ் ஒப்பந்தத்தின் கட்டாயத்தால் 2005 முதல் பொருளுக்கே காப்புரிமை தர வேண்டியதாயிற்று. அப்போது நாடாளுமன்றம் சேர்த்த பாதுகாப்புதான் 3(டி) பிரிவு: தெரிந்த பொருளின் புதிய வடிவம், நோயைத் தீர்ப்பதில் கூடுதல் பயன் தராவிட்டால் அதற்குக் காப்புரிமை இல்லை. நோவார்ட்டிஸ் நிறுவனம் இமாடினிப்பின் ஒரு படிக வடிவத்துக்குக் கேட்ட காப்புரிமையைச் சென்னைக் காப்புரிமை அலுவலகம் 2006 ஜனவரியில் மறுத்தது. அந்தப் பிரிவே செல்லாது என்ற வழக்கைச் சென்னை உயர் நீதிமன்றம் 2007-இல் தள்ளுபடி செய்தது. 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றமும் நிறுவனத்தின் மேல்முறையீட்டை ஏற்கவில்லை. நிறுவனத்தின் மாத்திரை மாதத்துக்கு ஒன்றே கால் லட்சம் ரூபாய் அளவில் விற்றபோது, ஜெனரிக் பத்தாயிரத்துக்குள் கிடைத்தது.

கேள்வி: தரவுத் தனியுரிமையும் காப்புரிமையும் ஒன்றா? (வழக்கறிஞர், சேலம்)

பதில்: ஒன்றல்ல. முதல் நிறுவனம் அளித்த மருத்துவச் சோதனை முடிவுகளை நம்பி, அதே மருந்தை வேறொருவர் விற்க அரசு சில ஆண்டுகளுக்கு அனுமதி தரக்கூடாது என்பதே தரவுத் தனியுரிமை. காப்புரிமையே இல்லாத மருந்துக்கும் இது ஏகபோகம் தந்துவிடும். டிரிப்ஸ் இதைக் கேட்கவில்லை. இருநாட்டு வர்த்தக ஒப்பந்தங்கள்தான் கேட்கின்றன. ஐரோப்பிய ஒன்றியம் 2007-இல் பேச்சு தொடங்கிய காலத்திலிருந்து இந்தியாவிடம் இதை வலியுறுத்தி வந்திருக்கிறது.

கேள்வி: 2025 ஜூலையில் கையெழுத்தான இந்திய–பிரிட்டன் வர்த்தக ஒப்பந்தத்தில் தரவுத் தனியுரிமை இல்லை. பிறகு எதற்காக இவ்வளவு எதிர்ப்பு? (ஓய்வுபெற்ற அரசு அலுவலர், கோயம்புத்தூர்)

பதில்: இல்லாததைப் பார்த்து நிம்மதி அடைந்துவிட்டீர்கள், இருப்பதைப் படிக்கவில்லை. ஒப்பந்தம் என்றால் செய்திக் குறிப்பை அல்ல, அறிவுசார் சொத்து அத்தியாயத்தைப் படியுங்கள் என்று தொடர்ந்து கேட்டுக்கொள்கிறேன். மருந்து மக்களுக்குக் கிடைக்கச் செய்வதற்கு விரும்பத்தக்க, உகந்த வழி, காப்புரிமை நிறுவனமே விரும்பிப் பிறருக்குத் தரும் தன்னார்வ உரிமம் போன்ற விருப்ப ஏற்பாடுகளே என்று இரு நாடுகளும் அதில் ஒப்புக்கொள்கின்றன. மக்கள் நலம் காக்க டிரிப்ஸ் தடையாகாது என்ற உலக வர்த்தக அமைப்பின் தோஹா பிரகடனத்தையும் அதே அத்தியாயம் உறுதிசெய்வதால், கட்டாய உரிமம், அதாவது காப்புரிமையாளரின் சம்மதமின்றியே மருந்தைத் தயாரிக்க வேறொருவருக்கு அரசு அளிக்கும் அனுமதி, தரும் அதிகாரம் பறிபோகவில்லை என்பார்கள். சட்டப்படி அது சரி. ஆனால் நாளை ஓர் அதிகாரி கட்டாய உரிமம் தரப் பேனாவை எடுக்கும்போது, உகந்த வழி வேறு என்று நீங்களே எழுதிக் கொடுத்திருக்கிறீர்களே என்று எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கேட்பார்.

இந்தியா இதுவரை மருந்துக்குக் கட்டாய உரிமம் வழங்கியது ஒரே ஒருமுறைதான். 2012 மார்ச்சில், பேயர் நிறுவனத்தின் சோராஃபெனிப் என்னும் புற்றுநோய் மருந்தைத் தயாரிக்க நாட்கோ என்னும் இந்திய நிறுவனத்துக்கு அந்த உரிமம் கிடைத்தது. மாதச் செலவு ஏறத்தாழ 2,80,000 ரூபாயிலிருந்து 8,800-க்கு இறங்கியது. பேயருக்கு முதலில் 6 சதவீதமும் பின்னர் 7 சதவீதமும் உரிமத்தொகை தீர்மானிக்கப்பட்டது. யாருடைய சொத்தும் பறிக்கப்படவில்லை.

தன்னார்வ உரிமத்தை நான் குறை சொல்லவில்லை. அதில் எந்த நாட்டுக்கு விற்கலாம், எந்த நாட்டுக்கு விற்கக்கூடாது என்பதை நிறுவனமே முடிவு செய்கிறது என்பதுதான் சிக்கல். கல்லீரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் சி நோய்க்கான சோஃபோஸ்புவிர் மருந்துக்கு 2014-இல் கிலியட் நிறுவனம் இந்திய ஆலைகளுக்கு உரிமம் தந்தபோது மலேசியாவும் தாய்லாந்தும் பட்டியலில் இல்லை. 2017-இல் மலேசிய அரசு தன் அதிகாரத்தைப் பயன்படுத்தி ஜெனரிக்கை வாங்க முற்பட்ட அதே வேளையில்தான் அந்த நாடுகள் பட்டியலில் சேர்க்கப்பட்டன. கட்டாயப்படுத்தும் அதிகாரம் மேசையில் இருந்தால்தான் விருப்பமும் பிறக்கிறது. அந்த அதிகாரத்தை இரண்டாம் இடத்துக்குத் தள்ளும் வாக்கியத்தில் கையெழுத்திட்டது பெரும் தவறு என்றே கருதுகிறேன்.

இன்னொன்றையும் கவனியுங்கள். காப்புரிமை பெற்ற மருந்து உள்நாட்டில் போதிய அளவு விற்கப்படுகிறதா என்று உரிமையாளர் முன்பு ஆண்டுதோறும் அறிக்கை தர வேண்டியிருந்தது. சோராஃபெனிப் வழக்கில் அந்த அறிக்கை முக்கியச் சான்றாக இருந்தது. 2024 விதித்திருத்தம் அதை மூன்றாண்டுக்கு ஒருமுறை என்று தளர்த்தியது. உள்நாட்டு விதியை நாமே மீண்டும் மாற்றிக்கொள்ளலாம். ஆனால் மூன்றாண்டுக்குக் குறையாத இடைவெளியைப் பிரிட்டனுடனான ஒப்பந்தத்திலும் எழுதிவிட்ட பிறகு அது எளிதல்ல.

கேள்வி: மருந்து ஆலையே இல்லாத நாட்டுக்குக் கட்டாய உரிமத்தால் என்ன பயன்? (ஆசிரியர், யாழ்ப்பாணம்)

பதில்: நல்ல கேள்வி. வேறொரு நாடு கட்டாய உரிமத்தில் தயாரித்து ஏற்றுமதி செய்ய 2003 ஆகஸ்டில் உலக வர்த்தக அமைப்பு வழி செய்தது. கனடாவிலிருந்து ருவாண்டாவுக்கு ஏறத்தாழ ஒன்றரைக் கோடி எச்ஐவி மாத்திரைகள் அவ்வாறு சென்றன. அந்த வழியில் மருந்து போய்ச் சேர்ந்தது அந்த ஒருமுறைதான். நடைமுறை அவ்வளவு சுற்றுவழி.

கேள்வி: காப்புரிமை விண்ணப்பத்தைச் சாதாரண நோயாளி எதிர்க்க முடியுமா? (திருநெல்வேலி)

பதில்: முடியும். காப்புரிமைச் சட்டத்தின் 25(1) பிரிவின்படி காப்புரிமை வழங்கப்படுவதற்கு முன் எவரும் எதிர்ப்பு மனு தரலாம். காசநோயிலிருந்து மீண்ட இரு பெண்கள் தந்த மனுவும் சேர்ந்துதான், பெடாகுயிலின் என்னும் காசநோய் மருந்தின் உப்பு வடிவத்துக்கான விண்ணப்பம் 2023 மார்ச்சில் நிராகரிக்கப்பட்டது. இல்லையேல் ஏகபோகம் 2027 வரை நீண்டிருக்கும். 2024 முதல் இதற்குக் கட்டணம் உண்டு. மனு ஏற்கத்தக்கதா என்று அலுவலகம் முதலிலேயே பரிசீலிக்கிறது. எனவே ஆதாரங்களை இணைத்து அனுப்புங்கள், மருந்தின் வேதிப்பெயரையும் விண்ணப்ப எண்ணையும் மறவாமல் எழுதுங்கள்.