அமைதியா, மனச்சோர்வா?

உங்கள் கடிதத்தைப் படித்தேன். நுரையீரலை எண்ணி அஞ்ச வேண்டாம். அதிகாலை மூன்று மணிக்கு விழிப்பு வந்தால் நுரையீரல் பழுதாகியிருக்கும் என்று நாளின் ஒவ்வொரு நேரத்தையும் ஓர் உறுப்போடு இணைக்கும் சீன மருத்துவ மரபின் ‘உறுப்புக் கடிகாரத்தைக்’ காட்டி இணையத்தில் யாரோ எழுதியதைப் படித்து அஞ்சியிருக்கிறீர்கள். இருமலோ மூச்சிரைப்போ இல்லை என்பதையும் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். மெதுவான அசைவுகள் கொண்ட சீன உடற்பயிற்சியான தை சி பயிலும்போது உள்ளங்கையில் தோன்றும் கதகதப்பும், முழங்காலில் வலியின்றிக் கேட்கும் சொடுக்குச் சத்தமும் பொருட்படுத்த வேண்டியவை அல்ல. பயிற்சியைத் தாராளமாகத் தொடருங்கள்.

நான் கவலைப்படுவது அந்த விழிப்பைப் பற்றித்தான். லண்டன் வங்கி வேலையின் நெருக்கடியிலிருந்து மீளப் பழைய சீன ஞான மரபான தாவோ நெறியை நாடிய நீங்கள், எதையும் வலிந்து செய்யாமல் இயல்பின் போக்கில் இருக்கும் ‘வூ வெய்’ நிலை கைகூடிவிட்டதாகக் கருதுகிறீர்கள். பதவி உயர்வு கைநழுவியது உங்களை வருத்தவில்லை என்பது பக்குவமாக இருக்கலாம். ஆனால் மகள் தேர்வில் சிறந்த மதிப்பெண் பெற்றதும் மகிழ்ச்சி தரவில்லை, பிடித்த மீன்குழம்பு ருசிக்கவில்லை, ஐந்து கிலோ எடை குறைந்துவிட்டது, மூன்று மணிக்கு விழித்தால் மறுபடி உறக்கமில்லை என்கிறீர்கள். விரும்பியவற்றில் இன்பமே தோன்றாத நிலை இரண்டு வாரங்களுக்கு மேல் நாள்தோறும் நீடித்து, இத்தகைய விழிப்பும் பசியின்மையும் சேர்ந்தால், மருத்துவர் முதலில் ஐயுறுவது மனச்சோர்வு நோயைத்தான். அது எப்போதும் அழுகையோடு வருவதில்லை. பலருக்கு உணர்ச்சி மரத்துப்போவதாகவே வெளிப்படுகிறது.

தாவோ ஞானி சுவாங் சு மனைவி இறந்தபின் பாத்திரத்தைத் தட்டிப் பாடினார் என்ற கதையைச் சான்றாக எழுதியிருக்கிறீர்கள். அதே கதையில், அவள் இறந்தபோது தாமும் எல்லோரையும் போல வருந்தியதாக அவர் சொல்கிறார். துயரத்தை உணர்ந்து, சிந்தித்து, பிறகே அவர் தெளிந்தார். உணர்வே எழாத நிலைக்கு அந்தக் கதையில் இடமில்லை.

உறக்கத்துக்கென இணையத்தில் வாங்கிய மூலிகை மாத்திரையை இரட்டிப்பாக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே கூடாது. இயற்கையானது என்ற ஒரே காரணத்துக்காக, உட்பொருள் என்னவென்று முழுதாக அறியாத ஒன்றை விழுங்குவதை என்னால் ஏற்க முடியவில்லை. இத்தகைய மாத்திரைகள் சிலவற்றில் சேர்க்கப்படும் செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்னும் செடியின் சாறு, மனச்சோர்வுக்குத் தரப்படும் மருந்துகளோடு சேர்ந்தால் உயிருக்கே ஆபத்தாகலாம். அந்தப் புட்டியை மருத்துவரிடம் எடுத்துச் சென்று காட்டுங்கள்.

இந்த வாரமே உங்கள் குடும்ப மருத்துவரைப் பாருங்கள். முயலாமலே எடை குறைந்திருப்பதால் தைராய்டு, சர்க்கரை உள்ளிட்ட இரத்தப் பரிசோதனைகளும் தேவைப்படும். இங்கிலாந்தில் உளவியல் பேச்சுச் சிகிச்சைக்கு நீங்களே நேரடியாகவும் விண்ணப்பிக்கலாம். ‘நான் இல்லாமல் போனால் நல்லது’ என்ற எண்ணம் ஒருமுறை வந்திருந்தாலும் அதை மருத்துவரிடம் மறைக்காதீர்கள். அந்த எண்ணம் வலுத்தால் எந்த நேரமானாலும் அரசு மருத்துவச் சேவையின் உதவி எண்ணான 111ஐ அழைத்து 2ஐ அழுத்துங்கள்; உயிருக்கு உடனடி ஆபத்தென்றால் அவசர எண் 999ஐ அழையுங்கள். மனைவியையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். நீங்கள் எப்போதிலிருந்து மாறினீர்கள் என்பதை அவரால் மருத்துவரிடம் தெளிவாகச் சொல்ல முடியும்.