பிரையோஃபைட்டுகள்: கேள்வி பதில்

கேள்வி: சுவரில் படரும் பச்சைப் பாசி பிரையோஃபைட்டா, அதாவது உண்மையான கடத்துத் திசு இல்லாத, ஸ்போரால் பெருகும் சிறு நிலத்தாவரமா?

பதில்: பாசி என்னும் சொல்லைக் கொண்டு முடிவுகட்ட இயலாது. குளத்து ஆல்காவையும் சுவரில் வளரும் மாஸையும் நாம் அந்த ஒரே சொல்லால்தான் அழைக்கிறோம். கைவில்லையில் தண்டும் இலையும் தெரிந்தால் அது பிரையோஃபைட்டாக இருக்கக்கூடும்.

கேள்வி: மாஸ், லிவர்வொர்ட், ஹார்ன்வொர்ட் என்னும் பிரையோஃபைட்டின் மூன்று பிரிவுகளையும் எப்படிப் பிரித்தறிவது?

பதில்: முதலில் காப்சூலை, அதாவது இனப்பெருக்க நுண்துகள்களான ஸ்போர்கள் அடங்கிய பையைத் தேடுங்கள். லிவர்வொர்ட்டில் காப்சூல் முழுதாக முதிர்ந்த பின்னரே அதன் காம்பு சில மணி நேரத்தில் நீள்கிறது, காப்சூல் பெரும்பாலும் நான்கு கீற்றுகளாக வெடிக்கிறது; உள்ளே ஸ்போர்களோடு கலந்திருக்கும் எலேட்டர்கள் என்னும் நுண்ணிழைகள் ஈரம் உலரும்போது முறுகி அவற்றைப் பிரித்துவிடுகின்றன. மாஸில் காம்பு முன்னதாகவே நீண்டுவிடுகிறது. காப்சூல் மூடி கழன்ற பின், வாயைச் சுற்றியுள்ள பற்கள் ஸ்போர்களைச் சிறிது சிறிதாக வெளிவிடுகின்றன. ஹார்ன்வொர்ட்டுக்குக் காம்பே கிடையாது. அதன் கொம்பு அடிப்பகுதியிலிருந்து வளர்ந்துகொண்டே இருப்பதால், நுனி பிளந்து ஸ்போர்களை உதிர்க்கும் அதே வேளையில் அடியில் புதியவை உருவாகின்றன. இத்தாவரக் கூட்டத்தில் என்னை மிகவும் வியக்கவைப்பது இதுவே. காப்சூல் இல்லாதபோது வேரிகளை, அதாவது செடியைப் பற்றவைக்கும் வேர் போன்ற இழைகளைப் பாருங்கள்: மாஸில் பல செல்கள், மற்ற இரண்டிலும் ஒரே செல். ஹார்ன்வொர்ட்டின் செல்லில் பெரும்பாலும் ஒரே ஒரு பெரிய பசுங்கணிகம் இருக்கும்.

கேள்வி: ஸ்பானிய மாஸ் எந்தப் பிரிவு?

பதில்: எதுவுமில்லை. அது அன்னாசிக் குடும்பத்தைச் சேர்ந்த பூக்கும் தாவரம்.

கேள்வி: கலைமான் மாஸ்?

பதில்: லைக்கன், அதாவது பூஞ்சையும் ஆல்காவும் சேர்ந்து வாழும் கூட்டுயிரி. பெயரை நம்பாதீர்கள் என்று முதல் பதிலிலேயே எழுதியிருக்கிறேன்.

கேள்வி: இலையின் அமைப்பே போதுமே, காப்சூலுக்காக ஏன் காத்திருக்க வேண்டும்?

பதில்: டகாக்கியா என்னும் சிறு தாவரத்தை நினைத்துப் பாருங்கள். 1958இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் அதை விவரித்தபோது, விரல் போன்ற அதன் இலைகளைக் கண்டு லிவர்வொர்ட்டுகளோடு சேர்த்தனர். அலாஸ்காவின் அலூசியன் தீவுகளில் கிடைத்த காப்சூல்கள் 1993இல் விவரிக்கப்பட்டன: நடுவே தண்டு போன்ற காலுமெல்லா உண்டு, எலேட்டர் இல்லை. அது மாஸ் என்பது அதன்பின்னரே தெளிவாயிற்று.

கேள்வி: ஒரு விதிவிலக்கைக் கொண்டு விதி வகுக்கலாமா? மரபணு வரிசை இருக்கும்போது காப்சூல் எதற்கு?

பதில்: விதிவிலக்கு என்பதே காப்சூலைப் பார்த்த பிறகுதானே தெரிந்தது! மரபணு வரிசையின் மதிப்பை நான் மறுக்கவில்லை. லிவர்வொர்ட்டுகளே மற்ற எல்லா நிலத்தாவரங்களிலிருந்தும் முதலில் பிரிந்தவை என்று நெடுங்காலம் கருதப்பட்டது. அண்மைக்கால மரபணு ஆய்வுகளோ மூன்று பிரிவுகளும் சேர்ந்து ஒரே கிளை என்பதையும், அதற்குள் மாஸும் லிவர்வொர்ட்டும் நெருங்கிய உறவினர் என்பதையும் பெரிதும் ஆதரிக்கின்றன. ஆனால் லிவர்வொர்ட்டில் இலைத்துளை இல்லை, மற்ற இரண்டின் ஸ்போரோஃபைட்டில் (காப்சூலைத் தாங்கும் தலைமுறையில்) பெரும்பாலும் உண்டு. மரபணு ஆய்வுகள் காட்டும் இந்தப் புதிய உறவுமுறை சரியெனில் லிவர்வொர்ட்டுகள் அதை இழந்திருக்க வேண்டும். இந்தக் கேள்வியை எழுப்பவும் செடியைப் பார்த்தாக வேண்டும்.

கேள்வி: கிளப் மாஸ் மாஸ்தானே?

பதில்: இல்லை, நீரையும் உணவையும் கடத்தும் திசு கொண்ட லைக்கோஃபைட் என்னும் வேறு தாவரக் கூட்டம். முதல் பதிலைப் படியுங்கள்.