கேள்வி – பதில்: டேப் தீர்ந்துபோன இடத்துல இருந்து

போன இதழ்ல ஏதோ ஒரு பதிலுக்கு நடுவுல, டோரி ஏமஸோட ‘லிட்டில் எர்த்க்வேக்ஸ்’ ஆல்பத்தை ரொம்ப வருஷம் கழிச்சு முழுசா உக்காந்து கேட்டேன், அப்புறம் ரெண்டு நாளைக்கு வேற எதுவும் கேக்க மனசு வரலன்னு நாலு வரி எழுதியிருந்தேன். அந்த நாலு வரிக்கு இத்தனை கடிதம் வரும்னு நினைக்கவே இல்ல. அதனால சினிமா கேள்வி, சமையல் கேள்வி எல்லாத்தையும் அடுத்த இதழுக்குத் தள்ளிட்டேன், இந்தத் தடவை இது மட்டும்தான்.

அக்கா, இந்தப் பாடகி பேரையே நான் கேள்விப்பட்டதில்ல. யாரு இவங்க? நீங்க எப்போ முதல்ல கேட்டீங்க?
– வாசகி, திருச்சி

அமெரிக்காக்காரங்க மா. 1963-ல வட கரோலினால பிறந்தாங்க, அப்பா மெதடிஸ்ட் சபை பாதிரியார். அஞ்சு வயசுலயே பால்டிமோர்ல இருக்கற பீபாடி இசைப்பள்ளில சேர்த்துக்கிட்டாங்க, அவ்ளோ சின்ன வயசுல அங்க யாரும் சேர்ந்ததில்ல. ஆனா நோட்டைப் பார்த்து வாசிக்கறதுல அவங்களுக்கு ஒட்டவே இல்ல, காதுல விழுந்ததை அப்படியே கைல கொண்டு வர்றதுதான் அவங்க வழி, பதினோரு வயசுல அங்கருந்து வெளிய வந்துட்டாங்க. பதிமூணு வயசுல இருந்து வாஷிங்டன் பக்கத்துல பார்கள்ல பியானோ வாசிச்சுப் பாட ஆரம்பிச்சாங்க, சின்னப் பொண்ணுங்கறதால பாதிரியார் அப்பாவே துணைக்கு வந்து உக்காந்திருப்பாராம். அந்தக் காட்சியை யோசிச்சுப் பாருங்க, பிரசங்கம் பண்ற மனுஷன், பொண்ணு வாசிக்கறதுக்காக பார்ல ஒரு ஓரமா. 1992 ஜனவரில இந்த ஆல்பம் வெளிய வந்தப்போ அவங்களுக்கு 28 வயசு. அதுவரைக்கும் பாதி வாழ்க்கைக்கு மேல, அடுத்தவங்க கேட்ட பாட்டை வாசிச்சே போயிருக்கு.

நான் கேட்டது 1994-ல, ஹாஸ்டல்ல. ரூம்மேட்டோட அண்ணன்கிட்ட சிடி இருந்தது, அவ அதை ஒரு 60 நிமிஷ கேசட்ல எனக்காக காப்பி எடுத்துக் குடுத்தா. ஆல்பம் மொத்தம் 57 நிமிஷம்தான், கணக்குப்படி அடங்கணும், ஆனா பன்னெண்டு பாட்டை ஆறு ஆறா பிரிச்சா ரெண்டாவது பக்கம் அரை மணி நேரத்தைக் கொஞ்சம் தாண்டிடுது, அதனால கடைசிப் பாட்டு முடியப்போற நேரத்துல டேப் டக்குனு நின்னுடும். நூறு தடவையாவது கேட்டிருப்பேன், நூறு தடவையும் அதே இடத்துல நின்னுது. அப்புறம் வேலை, கல்யாணம், ஊர் மாத்தல்னு அந்த கேசட் பெட்டிக்குள்ள போயிடுச்சு. அந்தப் பாட்டு எப்படி முடியுதுன்னு எனக்குப் போன மாசம்தான் தெரியும். வெறும் அரை நிமிஷம் மா, அதுக்கு அப்படி அழுதேன்.

நான் ரெண்டு வருஷமா கீபோர்டு கத்துக்கிறேன். இவங்க வாசிப்புல அப்படி என்ன தனி? பியானோ வாசிச்சுக்கிட்டே பாடறவங்க நிறைய பேர் இருக்காங்களே.
– ஐடி ஊழியர், கோவை

இருக்காங்க தம்பி, ஆனா பெரும்பாலும் அங்க குரல் முன்னாடி போகும், பியானோ பின்னாடியே குடை பிடிச்சுக்கிட்டு வரும். இங்க அப்படி இல்ல. இந்த ஆல்பத்துல பியானோ பக்கவாத்தியம் கிடையாது, அது இன்னொரு ஆள், இவங்க சொல்றதுக்கு பதில் சொல்லுது, சில இடத்துல இவங்க சொல்ல வராததை முந்திக்கிட்டு சொல்லிடுது. இருபது வயசுல எனக்கு இது புரியவே இல்ல, வார்த்தையும் கோவமும்தான் காதுல விழுந்தது. இப்போ கேட்டப்போ பியானோவைத்தான் கேட்டேன்.

‘சைலன்ட் ஆல் தீஸ் இயர்ஸ்’ ஆரம்பத்தைக் கேளுங்க. பக்கத்துப் பக்கத்து கட்டைகளையே சுத்திச் சுத்தி வர்ற ஒரு சின்ன நெளிவு, ஜன்னல் கண்ணாடில மாட்டிக்கிட்ட வண்டு மாதிரி. பேச வாயெடுத்து வாயெடுத்து நிறுத்திக்கற ஒருத்தியோட பாட்டு அது, அவ வாயைத் திறக்கறதுக்கு முன்னாடியே அந்த வண்டு விஷயத்தைச் சொல்லிடுது. அடுத்து ‘ப்ரெஷியஸ் திங்ஸ்’, அதுல மூச்சுச் சத்தத்தையே தாளமா வச்சிருக்காங்க, பியானோ மூச்சிரைக்க ஓடுது, பழசை எல்லாம் உதறிட்டு ஓடற பாட்டுக்கு வேற என்ன தாளம் வேணும் சொல்லுங்க. ‘மதர்’ கிட்டத்தட்ட ஏழு நிமிஷம், பியானோவும் குரலும் மட்டும், நீங்க கத்துக்கிறவர்ங்கறதால சொல்றேன், அதுல எங்கெல்லாம் கையை எடுக்கறாங்க, எவ்ளோ நேரம் விடறாங்கன்னு மட்டும் ஒரு தடவை தனியா கேளுங்க.

மேடைல அவங்க கூட இத்தனை வருஷமா இருக்கறது ஆஸ்திரியால செய்யற போசன்டோர்ஃபர் பியானோ. அந்தக் கம்பெனியோட பெரிய மாடல் இம்பீரியல்ல 97 கட்டை இருக்கும், சாதாரண பியானோல 88 தான். ஸ்டூல்ல நேரா உக்கார மாட்டாங்க, ரெண்டு பக்கமும் காலைப் போட்டு, உடம்பை ஜனங்க பக்கம் திருப்பிக்கிட்டு வாசிப்பாங்க, பியானோ வாசிக்கறவங்கன்னா முதுகையோ தோளையோ காட்டிக்கிட்டுதான் இருக்கணும்ங்கற வழக்கத்தையே அவங்க எடுத்துக்கல.

கம்பெனி வேணாம்னு சொன்ன ஆல்பம்னு ஒரு வார்த்தை எழுதியிருந்தீங்க. என்ன ஆச்சு?
– வாசகர், புதுச்சேரி

அதுக்கு முன்னாடி நடந்ததையும் சொல்லணும். 1988-ல ‘ஒய் கான்ட் டோரி ரீட்’னு ஒரு பேண்ட் பேர்ல அட்லாண்டிக்ங்கற ரெக்கார்டு கம்பெனி ஒரு ஆல்பம் போட்டுச்சு. அட்டைல கைல வாளோட, அந்தக் கால ராக் பாணில பெரிய முடியோட நிக்க வச்சிருப்பாங்க. படுத்துடுச்சு. பியானோக்காரியை எதுக்கு அந்த வேஷத்துல நிறுத்தினாங்கன்னு இன்னிக்கு அந்தப் படத்தைப் பார்த்தாலும் எனக்கு மனசு வலிக்கும்.

அதுக்கப்புறம் திரும்பப் பியானோகிட்ட வந்து, தன் கதையையே எழுதி, பாட்டெல்லாம் சேர்த்து ஒரு ஆல்பமா குடுத்தாங்க, கம்பெனிக்குப் பிடிக்கல. பியானோவை எடுத்துட்டு கிட்டாரைப் போடுங்கன்ற பேச்செல்லாம் வந்ததை அவங்களே சொல்லியிருக்காங்க. இவங்க விட்டுக்குடுக்கல, இன்னும் நாலு பாட்டு எழுதினாங்க, அப்போ கூட இருந்த எரிக் ராஸும் இவங்களும் சேர்ந்து பெரிய செலவில்லாம ரெக்கார்ட் பண்ணினாங்க. அந்த நாலு எதுன்னு பாருங்க: ‘கேர்ள்’, ‘ப்ரெஷியஸ் திங்ஸ்’, ‘டியர் இன் யுவர் ஹேண்ட்’, அப்புறம் ஆல்பத்துக்கே பேர் குடுத்த ‘லிட்டில் எர்த்க்வேக்ஸ்’. இந்த நாலும் இல்லாம இந்த ஆல்பத்தை என்னால யோசிக்கவே முடியல, ‘ப்ரெஷியஸ் திங்ஸ்’ இல்லன்னா முதல் பாதிக்கு முதுகெலும்பே கிடையாது.

அப்புறம் கம்பெனி அவங்களை லண்டனுக்கு அனுப்பிச்சு, அங்க சின்னச் சின்ன இடத்துல தனியா பியானோ முன்னாடி உக்காந்து பாடினாங்க, ஆல்பமும் முதல்ல பிரிட்டன்லதான் வந்தது, அமெரிக்கால அடுத்த மாசம்தான்.

எனக்கு இங்கிலீஷ் பாட்டு வரி பிடிபடாது. கேட்டு என்ன பிரயோஜனம்?
– வாசகி, ராஜபாளையம்

வரி முழுசா எனக்கும் பிடிபட்டதில்லங்க, சிலது இன்னிக்கும் பிடிபடல. ‘ஹேப்பி ஃபேன்டம்’ கேளுங்க, செத்துப்போனா நல்லாதான் இருக்கும், ஆவியா ஜாலியா சுத்தலாம்னு துள்ளித் துள்ளிப் பாடற பாட்டு, அந்தத் துள்ளல் புரிய அகராதி தேவையில்ல. ரெண்டாவது தடவை வேணும்னா வரியை எடுத்து வச்சுக்கோங்க.

என் பொண்ணுக்கு 17 வயசு. நீங்க எழுதினதைப் படிச்சிட்டு அந்த ஆல்பத்தைக் கேட்டா. பதினோராவது பாட்டு எதைப் பத்தினதுன்னு தெரிஞ்சதும் எனக்குப் பயமாயிடுச்சு. அதை மட்டும் கேக்காதேன்னு சொல்லலாமா? சொல்லப்போனா என்னாலயும் அதைக் கேக்க முடியல, காரணம் எழுத விரும்பல.
– பேர் வேண்டாம்

நீங்க எழுதினதுக்கு முதல்ல நன்றி. கடைசி வரியை நான் படிச்சேன், அதையும் மனசுல வச்சிட்டுதான் எழுதறேன்.

தெரியாதவங்களுக்காகச் சொல்லிடறேன். ‘மீ அண்ட் எ கன்’ங்கற அந்தப் பாட்டு, டோரி ஏமஸ் 21 வயசுல லாஸ் ஏஞ்சல்ஸ்ல ஒரு நிகழ்ச்சி முடிஞ்சு, பாட்டு கேக்க வந்த ஒருத்தனை வண்டில ஏத்திக்கிட்டுப் போனப்போ அவனால பலாத்காரத்துக்கு ஆளானதைப் பத்தினது. வருஷக்கணக்கா அதை வெளிய சொல்லல. 1991-ல லண்டன்ல, பலாத்காரம் பண்ண வந்தவனைச் சுட்டுட்டு ரெண்டு பெண்கள் தப்பி ஓடற ‘தெல்மா அண்ட் லூயிஸ்’ படத்தைப் பார்த்துட்டு உடைஞ்சுபோய், அப்பத்தான் இந்தப் பாட்டை எழுதினாங்க.

இதுல பியானோ கிடையாது. எந்த வாத்தியமும் கிடையாது, வெறும் குரல், நாலு நிமிஷத்துக்குக் கொஞ்சம் கம்மி. பத்து பாட்டா கூடவே பேசிக்கிட்டு வந்த அந்த இன்னொரு ஆள் இங்க இல்ல. அந்த ராத்திரி அவங்க கூட யாரும் இல்லாம இருந்தாங்களே, அதே மாதிரி. ஹாஸ்டல்ல இந்தப் பாட்டு வந்தா நான் வேக வேகமா ஃபார்வர்டு பட்டனை அமுக்கிடுவேன், சத்தம் கம்மியா இருக்கு, போரடிக்குதுன்னு காரணம் சொல்லிப்பேன். அது உண்மை இல்ல, எனக்குப் பயம். போன மாசம்தான் முதல் தடவையா நிறுத்தாம கேட்டேன். அந்தக் குரல்ல அழுகையே இல்லங்க. உயிர் போகுமோன்னு இருக்கற நேரத்துல மனசு சம்பந்தமே இல்லாத எதை எதையோ பிடிச்சுக்குமே, இன்னும் பார்க்காத ஒரு ஊரைப் பத்தி, சின்ன வயசுல கேட்டதைப் பத்தி, அதையெல்லாம் ரொம்ப நிதானமா சொல்லிக்கிட்டே போறாங்க.

பொண்ணுகிட்ட கேக்காதேன்னு சொல்லாதீங்க. ஏற்கனவே கேட்டுட்டா, இனிமே சொன்னா இந்த விஷயத்தை வீட்ல பேசக்கூடாது போலன்னுதான் அவளுக்குப் புரியும். என்ன தோணுச்சுன்னு கேளுங்க, அவ பேசட்டும், அவ பேசலன்னாலும் கேக்கற ஆள் வீட்ல இருக்காங்கன்னு தெரிஞ்சா போதும்.

உங்களுக்கு – கேக்கணும்னு எந்தக் கட்டாயமும் இல்ல. அந்தப் பாட்டைத் தாண்டிப் போறது தப்பு இல்ல, ஆல்பத்தைக் குறைச்சுக் கேட்டதாவும் ஆகாது. இந்தப் பாட்டு வந்ததுக்கு அப்புறம் நிறைய பெண்கள் தங்களுக்கு நடந்ததை அவங்களுக்கு எழுத ஆரம்பிச்சாங்க, 1994-ல பாலியல் வன்முறைக்கு ஆளானவங்களுக்காக அமெரிக்கால ‘ரெய்ன்’ங்கற அமைப்பு ஆரம்பிச்சப்போ அதோட முதல் குரலா நின்னது இவங்கதான், அந்த அமைப்போட ஹெல்ப்லைன் இன்னிக்கும் ஓடிக்கிட்டு இருக்கு. நம்ம ஊர்ல பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098, ரெண்டும் இலவசம். பேசணும்னு தோணுற நாள்ல பேசுங்க, அது இன்னிக்கா இல்லாம இருந்தாலும் சரி. எனக்குத் திரும்ப எழுதினாலும் சரி, அதை அச்சுல போட மாட்டேன்.

‘வின்டர்’ பாட்டைக் கேட்டேன். எனக்கு ரெண்டு பொண்ணுங்க. அதுக்கு மேல எழுத வரல.
– வாசகர், நாகர்கோவில்

போதும் சார், இதுவே போதும். அது அப்பாவைப் பத்தின பாட்டுதான், பனில விளையாடற சின்னப் பொண்ணுல ஆரம்பிச்சு, அப்பாவுக்கு முடி நரைக்கற வரைக்கும் போகுது. பார்ல ஓரமா உக்காந்திருந்த அதே அப்பாதான். முதல்ல பியானோ மட்டும், அப்புறம் வயலின் கூட்டம் மெதுவா உள்ள வரும். நான் அப்போ பொண்ணா கேட்டேன், இப்போ என் அப்பா இல்ல, அதனால அந்த வயலின் வர்ற இடத்துக்கு முன்னாடியே எனக்குத் தொண்டை அடைச்சிடுது. பொண்ணுங்களுக்குப் போட்டுக் காட்டுங்க.

முழுக்க முழுக்கப் பாராட்டியே எழுதறீங்களே, இத்தனை வருஷத்துல எதுவும் பழசாகலயா?
– வாசகர், மதுரை

ஆகியிருக்கு. ‘சைனா’வோட சத்தம் எண்பதுகள்லயே நின்னுபோன மாதிரி இருக்கு, எல்லாத்து மேலயும் ஒரு பனிமூட்டம் போட்டு வச்சிருக்காங்க, பாட்டு நல்ல பாட்டு, ஒரே வீட்ல ரெண்டு பேருக்கு நடுவுல பெருஞ்சுவர் மாதிரி வளர்ற தூரத்தைப் பத்தினது, பியானோவும் குரலும் மட்டும் வச்சு மேடைல பாடினதைக் கேட்டா அது எவ்ளோ நல்ல பாட்டுன்னு தெரியும். ‘லெதர்’ அன்னிக்கும் என்னைப் பெருசா தொடல, இன்னிக்கும் இல்ல. இதுக்கு அடுத்து எதுன்னு நாலஞ்சு பேர் கேட்டிருக்கீங்க, 1994-ல வந்த ‘அண்டர் தி பிங்க்’ கேளுங்க, 1996-ல வந்த ‘பாய்ஸ் ஃபார் பெலே’ கொஞ்சம் பொறுமையா கேக்கணும், அயர்லாந்துல ஒரு சர்ச்சுக்குள்ள, பியானோவுக்கும் முந்தின கட்டை வாத்தியமான ஹார்ப்சிகார்டை வச்சு ரெக்கார்ட் பண்ணினது, முதல் தடவை கதவே திறக்காது, நாலாவது தடவை திறக்கும்.

அந்த கேசட் இன்னும் இருக்கா அக்கா?
– கல்லூரி மாணவி, சேலம்

இருக்கு மா, நேத்துதான் பெட்டிலேர்ந்து எடுத்தேன். போட்டுக் கேக்க ப்ளேயர் இல்ல. உள்ள இருக்கற அட்டைல ரூம்மேட் நீல பேனால பன்னெண்டு பாட்டுக்கும் நம்பர் போட்டு, பேர் எழுதியிருக்கா, பதினொண்ணுக்கு மட்டும் பேர் இல்ல, ஒரு கோடு இழுத்து விட்டிருக்கா. அன்னிக்கு அதை நான் கவனிக்கவே இல்ல. இப்போ அவ திருநெல்வேலில இருக்கா, மாசம் ஒரு தடவை பேசிக்குவோம், இதைப் பத்தி மட்டும் பேசினதே இல்ல. இந்த ஞாயித்துக்கிழமை போன் பண்ணப்போறேன்.